எல்லைப் பெட்டி: இணைப்பு அறுந்தால் எங்கிருந்து தேடுவது?

 

பிள்ளையின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இன்று கடைசி நாள். அல்லது ஹஜ் விண்ணப்பத்தில் பாஸ்போர்ட் நகலை ஏற்ற வேண்டும். அல்லது கடையில் முகூர்த்தப் பட்டு எடுத்தவர் பணம் செலுத்தக் காத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து, 'நெட் போயிடுச்சு' என்கிறார்கள். உடனே நாம் என்ன செய்கிறோம்? பெட்டியைத் தட்டுகிறோம், எல்லா வயரையும் பிடுங்கிச் செருகுகிறோம், பின்புறமுள்ள சிறு துளையில் குண்டூசியை விட்டு அழுத்துகிறோம். அரை மணியில் சரியாகியிருக்க வேண்டிய பழுது இரண்டு நாள் பழுதாகிவிடுகிறது.

இணைப்பு அறுந்தால் முதலில் கேட்க வேண்டியது, 'எதை மாற்றலாம்?' என்பதல்ல, 'பழுது எல்லைக்கு எந்தப் பக்கம்?' என்பதே. இதை மிகத் தெளிவாகக் கற்றுத் தருவது அலுவலகங்களில் உள்ள லீஸ்டு லைன் பெட்டி. ஆகவே முதலில் அதைப் பார்ப்போம். பிறகு அதே அறிவை நம் வீட்டு ஃபைபர் பெட்டிக்குக் கொண்டுவருவோம். இப்பாடம் ஆண்களுக்கு மட்டும் உரியதல்ல. பகலில் பெட்டிக்கு அருகில் இருப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளுமே.

லீஸ்டு லைன் என்றால் என்ன?

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் மூலம். அப்போது வீடுகளில் தொலைபேசி வழியே டயல் செய்து இணைய வேண்டும். அழைப்பு முடிந்தால் இணைப்பும் முடிந்தது. வங்கி, அரசு அலுவலகம், பெரிய நிறுவனம் போன்றவற்றுக்கு இது போதாது. அவர்களுக்கென்று இரவும் பகலும் திறந்தே இருக்கும் தனித்தடம் தேவைப்பட்டது. மாத வாடகைக்கோ ஆண்டு வாடகைக்கோ தரப்படும் அந்தத் தடமே லீஸ்டு லைன்.

இதன் வேகக் கணக்கு எளிது. குரலை எண்களாக மாற்றும்போது நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளாக எழுதுவார்கள். 8,000 × 8 = 64,000. அதாவது 64 கேபிபிஎஸ். இதுவே ஒரு தொலைபேசிக் குரலுக்கு உரிய இடம். இப்படி 32 இடங்களை ஒன்றாகக் கட்டினால் 2,048 கேபிபிஎஸ் வரும். அதைத்தான் '2 எம்பி லைன்' அல்லது 'இ-1' என்கிறார்கள். முழுதும் வேண்டாம் என்பவர் 64-இன் மடங்குகளில் வாங்கலாம். 8 இடங்கள் வாங்கினால் 512 கேபிபிஎஸ்.

2000 அக்டோபர் 1 அன்று உருவான பி.எஸ்.என்.எல்., இத்தடங்களை மையத்திலிருந்தே கண்காணிக்கும் 'எம்.எல்.எல்.என்.' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் தலைநகரையும் மாவட்ட, வட்ட, ஒன்றிய அலுவலகங்களையும் இணைக்கும் மாநில அரசின் வலையமைப்பு 'டி.என்.ஸ்வான்'. அதை எல்காட் நிறுவனம் நடத்துகிறது. இன்று பல இடங்களில் செம்புக் கம்பிக்குப் பதிலாக ஃபைபர் வந்துவிட்டது. ஆனால் பழுது தேடும் முறை மாறவில்லை.

பெட்டி ஓர் எல்லைக்கல்

லீஸ்டு லைன் வந்து முடியும் இடத்தில் சுவரோரமாக ஒரு சிறு பெட்டி இருக்கும். பெயர் என்.டி.யு. அமெரிக்க வழக்கில் இதே வேலையைச் செய்யும் கருவியை சி.எஸ்.யு./டி.எஸ்.யு. என்பார்கள். கடைகளில் 'லீஸ்டு லைன் மோடம்' என்றால் போதும்.

இதற்கு இரண்டு முகங்கள். ஒரு முகம் எக்ஸ்சேஞ்சைப் பார்க்கிறது. அந்தப் பக்கம் வருவது ஒரு ஜோடி செம்புக் கம்பி. லைன்மேன் மொழியில் 'பேர்'. மறு முகம் நம் ரவுட்டரைப் பார்க்கிறது. அந்தப் பக்கம் 34 முனை கொண்ட பெரிய வி.35 கேபிளோ, ஜி.703 இணைப்போ, புதிய பெட்டிகளில் சாதாரண லேன் வயரோ இருக்கும். நெடுந்தூரக் கம்பியில் ஓடத்தக்க சமிக்ஞையை ரவுட்டருக்குப் புரியும் வடிவுக்கு மாற்றுவதும், ரவுட்டர் தருவதைக் கம்பிக்கு ஏற்றவாறு மாற்றுவதும் இதன் வேலை.

நிலத்துக்கு எல்லைக்கல் போல இதை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லுக்கு அப்பால் உள்ள பேர், கம்பம், டிபி பாக்ஸ், எக்ஸ்சேஞ்சு ஆகியவை நிறுவனத்தின் பொறுப்பு. கல்லுக்கு இப்பால் உள்ள ரவுட்டர், ஸ்விட்ச், நம் கட்டட வயரிங், மின்சாரம் ஆகியவை நம் பொறுப்பு. பெட்டி யாருடையது என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். அதை முதல் நாளே படித்துவைப்பது நல்லது. எல்லை தெரியாதவர் இரண்டு பக்கமும் பணம் இழப்பார்.

முதல் முறை அமைக்கும்போது

1. மின்சாரம்: பெட்டியையும் ரவுட்டரையும் ஒரே யுபிஎஸ்ஸில், சரியான எர்த் உள்ள பிளக்கில் இணைக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்த்தால் பொதுவாக 2 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் காட்டினால் முதலில் எலெக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். கருவியைப் பிறகு பார்க்கலாம்.

2. லைன் பக்கம்: ரோஸெட்டிலிருந்து பெட்டிக்கு வரும் பேர் குட்டையாக, ஒட்டுப் போடாததாக, மின்வயரோடு சேர்த்துக் கட்டாததாக இருக்க வேண்டும். பேரை இணைத்ததும் லைன் விளக்கு சில நிமிடம் மினுக்கும். பிறகு நிலையாக எரியும். நிலைக்கும் முன் ரவுட்டரைத் தொடுவதில் பயனில்லை.

3. இடக்கணக்கு: வாங்கியது 512 கேபிபிஎஸ் என்றால் இரு முனையிலும் 8 இடங்கள்தான், அதுவும் அதே 8 இடங்கள்தான் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு முனையில் 8, மறு முனையில் 7 என்றால் விளக்கெல்லாம் பச்சையாக எரியும். தகவல் மட்டும் போகாது.

4. பேச்சு முறை: இரு ரவுட்டரும் ஒரே முறையில் பேச வேண்டும். ஒன்று பி.பி.பி., மற்றொன்று எச்.டி.எல்.சி. என்றால் ஒருவர் தமிழிலும் ஒருவர் அரபியிலும் பேசுவது போலத்தான். ரவுட்டர் திரையில் 'சீரியல் அப், லைன் புரோட்டோகால் டவுன்' என்று வந்தால், கம்பியில் சமிக்ஞை இருக்கிறது, உரையாடல்தான் நடக்கவில்லை என்று பொருள். இப்படி வந்தால் இந்த நான்காம் படியையும் அடுத்து வரும் தாளத்தையும் சோதிக்க வேண்டும்.

5. எழுதிவைத்தல்: எல்லாம் சரியாக வேலை செய்யும் நாளில் சர்க்யூட் எண், இரு முனை ஐபி முகவரி, எந்த வயர் எந்தத் துளையில், எந்த விளக்கு எந்த நிறம் என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்கு மேலே ஒட்டிவிட வேண்டும். ஒரு படமும் எடுத்துவைக்கலாம். பழுது நாளில் நூறு ரூபாய் கருவியை விட இந்தத் தாள் உதவும்.

தாளம் தப்பினால்

புதிதாகக் கற்பவர்களைக் குழப்புவது 'கிளாக்'. காஞ்சிபுரத்தில் அதை விளக்குவது எளிது. கோர்வைச் சேலையில் உடம்புக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடா. மூன்றும் இழைக்கு இழை ஒத்துப் போனால்தான் கரை உடம்போடு பூட்டும். துணைக்கு நிற்பவர் தனக்கென ஒரு தாளம் வைத்துக்கொண்டால் கொஞ்ச நேரம் ஒத்துப்போவது போலத் தெரியும். சில அங்குலம் போனதும் கோர்வை பிசகும்.

லீஸ்டு லைனிலும் அப்படியே. பிட்டுகள் ஒரே தாளத்தில் போக வேண்டும். தாளம் கொடுப்பது எக்ஸ்சேஞ்சு, என்.டி.யு. அதைக் கேட்டு ரவுட்டருக்குக் கொடுக்கும், ரவுட்டர் பின்தொடரும். பெட்டியிலோ ரவுட்டரிலோ 'இன்டர்னல் கிளாக்' என்று வைத்துவிட்டால் இரண்டு தாளம் ஆகிவிடும். இணைப்பு முழுதாக அறாது. சில நொடிகளுக்கோ நிமிடங்களுக்கோ ஒருமுறை பிசகும். பிழைக் கணக்கு ஏறிக்கொண்டே போகும். 'நெட் இருக்கிறது, ஆனால் இழுக்கிறது' என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விளக்குகள் பேசும் மொழி

பெட்டியின் அபாய விளக்குகள் மூன்று செய்திகளைச் சொல்லும். பெட்டிக்குப் பெட்டி எழுத்து மாறலாம், பொருள் மாறாது.

எல்.ஓ.எஸ். – 'எனக்கு எதுவும் வரவில்லை.' பேர் அறுந்திருக்கலாம், கழன்றிருக்கலாம். ஜி.703-இல் அனுப்பும் ஜோடியும் பெறும் ஜோடியும் இடம் மாறியிருக்கலாம்.

ஏ.ஐ.எஸ். – 'எனக்கு வரும் கம்பி நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கும் அப்பால் எங்கோ அறுந்திருக்கிறது.' பழுது தூரத்தில் என்பதை அறிவிக்க, நடுவிலுள்ள கருவி ஒன்றுகளை மட்டும் தொடர்ந்து அனுப்பும். இது எரிந்தால் நம் கட்டடத்தில் எதையும் பிடுங்க வேண்டாம்.

ஆர்.ஏ.ஐ. – 'நீங்கள் சொல்வது எதிர்முனைக்குக் கேட்கவில்லை.' நாம் கேட்கிறோம், அவர்கள் கேட்கவில்லை. அப்படியானால் நாம் அனுப்பும் பாதையில் கோளாறு.

இந்த மூன்றில் எது எரிகிறது என்று தொலைபேசியில் சொல்லத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

லூப்: பாதி பாதியாகத் தேடுவது

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடை, சென்னை தியாகராய நகரில் அதன் கிளை, நடுவே ஒரு 2 எம்பி லைன் என்று வைத்துக்கொள்வோம். கடை ரவுட்டர், கடைப் பெட்டி, பேர், காஞ்சிபுரம் எக்ஸ்சேஞ்சு, சென்னை எக்ஸ்சேஞ்சு, அங்குள்ள பேர், கிளைப் பெட்டி, கிளை ரவுட்டர் என்று எட்டுக் கண்ணிகள். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் வாரம் போய்விடும்.

லூப் என்பது, போகும் தகவலை ஓரிடத்தில் மடக்கி, வந்த வழியே திருப்பி அனுப்புவது. கிணற்றுக்குள் குரல் கொடுத்து எதிரொலி கேட்பது போல. எதிரொலி வந்தால் அதுவரை பாதை சரி.

முதலில் நம் பெட்டியிலேயே ரவுட்டரை நோக்கி லூப் போட வேண்டும். ரவுட்டர் தான் அனுப்பியதையே திரும்பப் பெற்று 'லூப்டு' என்று காட்டினால் ரவுட்டரும் கேபிளும் நலம். காட்டாவிட்டால் பழுது நம் மேசையிலேயே இருக்கிறது. எக்ஸ்சேஞ்சை அழைக்க வேண்டாம். பி.பி.பி. முறை லூப்பைக் கண்டுகொண்டு இணைய மறுக்கும். ஆகவே சோதனை நேரத்தில் எச்.டி.எல்.சி.க்கு மாற்றிக்கொள்வார்கள்.

அடுத்து, எக்ஸ்சேஞ்சில் நம்மை நோக்கி லூப் போடச் சொல்ல வேண்டும். எதிரொலி வந்தால் பேரும் நலம். அடுத்து, சென்னைக் கிளைப் பெட்டியில் லூப். அதுவும் வந்தால் மிஞ்சுவது கிளை ரவுட்டர் மட்டுமே. எட்டுக் கண்ணிகளில் மூன்றே சோதனையில் குற்றவாளி சிக்கிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை: சோதனை முடிந்ததும் லூப்பை எடுக்க மறக்கக் கூடாது. பழுது சரியான பின்னும் லைன் வேலை செய்யாததற்கு, யாரோ எடுக்க மறந்த லூப் காரணமாக இருப்பதுண்டு. விளக்கு வரிசையில் 'டெஸ்ட்' எரிகிறதா என்று பாருங்கள்.

மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகையில் செம்புக் கம்பிக்குச் சோதனைக் காலம். ஜாயின்ட்டில் நீர் இறங்கினால் இரைச்சல் கூடும். மழை பெய்யும்போது அறுந்து, வெயில் வந்ததும் தானாகச் சரியாகும் லைன் என்றால் பழுது பேரில்தான், பெட்டியில் அல்ல. எந்தத் தேதி, எத்தனை மணி, மழை இருந்ததா என்று ஒரு வாரம் குறித்துக் கொடுத்தால் லைன்மேன் நேராக அந்த ஜாயின்ட்டுக்குப் போவார். இடி மின்னல் நேரத்தில் பெட்டியின் மின்சாரத்தை மட்டுமல்ல, செம்புப் பேரையும் கழற்றிவைப்பது நல்லது. மின்னல் கம்பி வழியாகவும் வரும். ஆனால் மின்னல் தொடங்குவதற்கு முன்பே கழற்ற வேண்டும். தொடங்கிய பின் கம்பியைத் தொடக்கூடாது.

நம் வீட்டுப் பெட்டி

இனி வீட்டுக்கு வருவோம். வீட்டு ஃபைபர் இணைப்பின் பெட்டி ஓ.என்.டி. அதுவும் ஓர் எல்லைக்கல்தான். வேறுபாடு என்னவென்றால், லீஸ்டு லைன் ஒருவருக்கே உரிய தடம். வீட்டு ஃபைபர் பங்குத் தடம். தெருவிலுள்ள ஸ்ப்ளிட்டர் ஓர் ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குக்கூடப் பிரித்துத் தரும். அதனால்தான் வாடகை குறைவு. அதனால்தான் மாலையில் எல்லோரும் வீடியோ பார்க்கும்போது வேகம் குறையக்கூடும்.

பெட்டியில் முதலில் பார்க்க வேண்டிய விளக்குகள் இவை:

பவர் எரியவில்லை – அடாப்டர் அல்லது பிளக். வேறு பிளக்கில் போட்டுப் பாருங்கள்.

எல்.ஓ.எஸ். சிவப்பாக மினுக்குகிறது – ஒளி வரவில்லை. எல்லைக்கு அப்பால், அல்லது ஃபைபர் இழை வளைந்து உடைந்துள்ளது. வைஃபை பாஸ்வேர்டை மாற்றுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. புகார் கொடுங்கள்.

பான் மினுக்கிக்கொண்டே இருக்கிறது – ஒளி வருகிறது, ஆனால் பெட்டி இன்னும் பதிவாகவில்லை. ஒருமுறை அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள். தொடர்ந்தால் புகார்.

பான் நிலையாக எரிகிறது, இன்டர்நெட் விளக்கு எரியவில்லை – பாதை சரி, கணக்கில் கோளாறு. பில் தொகை நிலுவையா, யூசர் நேம், பாஸ்வேர்டு அழிந்ததா என்று பார்க்க வேண்டும்.

எல்லாம் பச்சை, போனில் மட்டும் வரவில்லை – பழுது எல்லைக்கு இப்பால். லேன் வயரால் ஒரு கம்ப்யூட்டரை நேரடியாக இணைத்துப் பாருங்கள். அதில் வந்தால் வைஃபைதான் பிரச்சினை. பெட்டியை இரும்புப் பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்து உயரமான திறந்த இடத்தில் வையுங்கள்.

செய்யக் கூடாதவை நான்கு. ஊசித் துளை ரீசெட் வேண்டாம். நிறுவனம் பதிந்த விவரங்கள் அழிந்து, அவர்கள் வந்துதான் மீண்டும் பதிய வேண்டிவரும். ஃபைபரை மடித்து ஆணியில் மாட்ட வேண்டாம்; அது கண்ணாடி இழை. பச்சை முனையை விரலால் தொட வேண்டாம். தூசும் எண்ணெய்ப் பசையும் ஒளியை மறைக்கும். கழற்றிய ஃபைபருக்குள் எட்டிப் பார்க்கவே வேண்டாம். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குத் தீங்கு செய்யக்கூடியது. பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

புகார் கொடுக்கும்போது

'நெட் வரலை' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'காலை 10 மணி முதல் எல்.ஓ.எஸ். சிவப்பு மினுக்குகிறது, அணைத்துப் போட்டும் மாறவில்லை' என்று சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதிக்கொள்ளுங்கள்; அதைத் தருவது நிறுவனத்தின் கடமை. தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் வகுத்த விதிகள் இந்த உரிமையைத் தருகின்றன. புகார் எண் இல்லாதவருக்கு அந்தப் படி கிடையாது.

இன்னொன்று. 'உங்கள் லைனைச் சரிசெய்கிறோம், இந்த ஆப்பை இறக்குங்கள், ஓடிபி சொல்லுங்கள்' என்று யாராவது அழைத்தால் உடனே துண்டியுங்கள். பழுது பார்க்க ஓடிபி வழியாக உங்கள் வங்கிக் கணக்குக்குள் வர வேண்டிய தேவை எந்த டெக்னீஷியனுக்கும் இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல்

பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுசெல்லும் பணி எடுத்துக்கொள்ளப்பட்டது. இழை போடவும், ஒட்டவும், அளக்கவும், பழுது பார்க்கவும் ஆட்கள் வேண்டும். தறியில் அறுந்த இழையைக் கண்டு முடிபோடும் பொறுமை நம் ஊருக்குப் புதிதல்ல. ஐடிஐ, பாலிடெக்னிக் படிக்கும் நம் பிள்ளைகள் இத்துறையைக் கவனிக்கலாம். அவர்களிடம் இந்தப் பக்கத்தைக் கொடுத்து, வீட்டுப் பெட்டியின் விளக்குகளை இன்றே ஒரு தாளில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள

1. பெட்டியில் ஏ.ஐ.எஸ். எரிகிறது. நம் ரவுட்டரை மாற்றலாமா?
வேண்டாம். பழுது தூரத்தில்.

2. பெட்டியில் ரவுட்டரை நோக்கி லூப் போட்டும் எதிரொலி இல்லை. யாரை அழைப்பது?
யாரையும் அழைக்கும் முன் நம் கேபிளையும் ரவுட்டரையும் பாருங்கள்.

3. வீட்டுப் பெட்டியில் எல்லாம் பச்சை. மாடியறையில் மட்டும் நெட் இல்லை. புகார் கொடுக்கலாமா?
பழுது வைஃபையில். முதலில் பெட்டியை இடம் மாற்றிப் பாருங்கள்.

பழுது வராத கருவி இல்லை. ஆனால் எல்லை தெரிந்தவருக்குப் பதற்றம் குறையும், செலவு குறையும், கடைசி நாள் விண்ணப்பமும் நேரத்தில் போய்ச் சேரும், இன்ஷா அல்லாஹ்.